பதினெட்டு நாள் பார்த்த நாடி

1

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லி நீங்கள் சிரிப்பதைவிட அது எனக்குக் கொஞ்சம் மரியாதை. பதினெட்டு நாட்கள் நான் வேறொருவருடைய நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டு, அண்ணன் தேறி வருகிறார் என்று மூன்று நாடுகளில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். வெறும் செய்தி இல்லை. வரைபடத்தோடு. நல்ல எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் கைதட்டுகிற பொம்மை வைத்து.

இதை இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நேற்று கைப்பேசியில் வந்த ஒரு கேள்வி. அண்ணனுக்கு ஆபரேஷன் செய்த புதுச்சேரி ஆஸ்பத்திரியின் செயலி கேட்டது: 'உங்கள் அன்புக்குரியவரைத் தொலைவிலிருந்தே கவனித்துக்கொண்ட அனுபவம் எப்படி இருந்தது?' கீழே ஐந்து நட்சத்திரங்கள். வேலைக்குப் போகும் பேருந்தில் அந்த நட்சத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது. இங்கே ஓட்டுநரிடம் "அண்ணே, செத்த ஓரமா நிறுத்துங்க" என்று கேட்க முடியாது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி மழையில் திரும்பி நடந்தேன். நட்சத்திரம் எதையும் இன்னும் அழுத்தவில்லை.

நான் இருப்பது ஜெர்மனியின் நடுவில், பெயர் சொன்னால் ஜெர்மானியர்களே "அங்கேயா?" என்று கேட்கும் ஓர் ஊரில். பத்தொன்பது வருடமாகிறது. விருத்தாசலத்தில் செராமிக் டிப்ளமா படித்துவிட்டு இங்கே வந்து, கழிவறைக் கோப்பை செய்யும் தொழிற்சாலையில் சூளைப் பிரிவில் இருக்கிறேன். ஊரில் யாராவது கேட்டால் "பீங்கான் கம்பெனி" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். அண்ணன் கலியமூர்த்தி என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். எங்கள் ஊர் செராமிக் எஸ்டேட்டில் பியூஸ் கட்டை செய்கிற சின்ன யூனிட் வைத்திருக்கிறார். ஆக, அண்ணன் மின்சாரத்துக்கு, தம்பி மற்றதுக்கு.

2

வெளிநாட்டில் இருப்பவனிடம் எங்கள் வீட்டில் கெட்ட செய்தியைச் சுடச்சுடச் சொல்வதில்லை. ஆறவைத்துத்தான் சொல்வார்கள். அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்ததைத் தையல் பிரித்த பிறகு சொன்னார்கள். மழையில் பின்பக்கச் சுவர் விழுந்ததைப் புதுச் சுவருக்கு வெள்ளை அடித்த பிறகு சொன்னார்கள். அவன் அங்கே தனியாகக் கிடந்து என்ன செய்வான், பாவம் என்பதுதான் காரணம். நான் மனைவி, மகளோடு இருக்கிறேன். இருந்தாலும் ஊர்க் கணக்கில் பத்தொன்பது வருடமாகத் தனியாகத்தான் கிடக்கிறேன்.

அண்ணனுக்கு மலத்தோடு ரத்தம் போனதும் அப்படித்தான் எனக்குத் தெரியாமல் இருந்தது. மூலம் என்று அவரே முடிவு செய்து, பாலக்கரை மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி ஆறு மாதம் ஓட்டியிருக்கிறார். பிறகு உடம்பு இளைத்து, ஆஸ்பத்திரிக்குப் போய்க் குழாய் விட்டுப் பார்த்ததில் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் புற்றுநோய். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு அண்ணி வாய் தவறிச் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள். அந்தத் தையல் ஆறும்வரை அந்த வழியாக எதுவும் போகக்கூடாது என்பதற்காக, சிறுகுடலின் ஒரு வளைவை வயிற்றுக்கு வெளியே எடுத்து அதில் ஒரு பையை மாட்டிவிட்டார்கள். சில மாதம் கழித்து உள்ளே தள்ளி மூடிவிடுவார்களாம். வீடியோவில் அண்ணன் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"நீ ஊரு ஒலகத்துக்கெல்லாம் கக்கூஸு செஞ்சு அனுப்புற. எனக்குப் பாரு, வயித்துலயே ஒண்ணு வச்சிட்டானுங்க. ஒங்க கம்பெனில சொல்லி இந்த மாடல் ஒண்ணு போடச் சொல்லு."

தையல் வலிக்காமலிருக்கத் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பேசி முடித்ததும் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். எதற்குத் திறந்தேன் என்று மனைவி கேட்டதும் கையில் கிடைத்த தம்ளரைக் கழுவினேன்.

மறுநாள் விடுப்புக் கேட்கப் போனேன். இவ்வளவு வருடத்துக்குப் பிறகும் என் ஜெர்மன், அவசரம் என்றால் காலை வாரிவிடும். வயிற்றில் செயற்கையாக வழி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லவேண்டிய இடத்தில், தீப்பிடித்தால் ஓடுவதற்குக் கட்டடங்களில் வைக்கும் அவசர வழி என்ற சொல்லைச் சொல்லிவிட்டேன். என் மேற்பார்வையாளர் முகத்தை மிகவும் சிரமப்பட்டு நேராக வைத்துக்கொண்டு ஒரு படிவத்தைத் தள்ளினார். நோயாளி உங்களுக்கு என்ன உறவு என்று அதில் கட்டங்கள் இருந்தன. மனைவி, பிள்ளை, பெற்றோர். அண்ணன் என்ற கட்டம் இல்லை. என்னைப் படிக்கவைத்து, சூட்கேஸ் வாங்கிக் கொடுத்து, மீனம்பாக்கம் வரைக்கும் வந்து ஏற்றிவிட்டவர் என்று எழுத அதில் இடமும் இல்லை.

விடுப்பாவது கெஞ்சி வாங்கலாம். வெளிநாட்டவர் அலுவலகம் அதைவிடக் கெட்டி. என் குடியிருப்பு அட்டை புதுப்பிப்பதற்குப் போயிருந்தது. கையில் இருந்தது ஒரு தற்காலிகத் தாள். "இதை வைத்துக்கொண்டு நான் ஊருக்குப் போகலாமா?" என்று கேட்டேன். தாராளமாகப் போகலாம் என்றார் அங்கே மேசையில் இருந்த அம்மா. திரும்பி வருவதைப் பற்றித்தான் தன்னால் எதுவும் உறுதி சொல்ல முடியாது என்றார்.

போக முடியாதவன் என்ன செய்வான்? கருவியைப் பிடித்துக்கொள்வான்.

3

அந்த ஆஸ்பத்திரியில், வீட்டுக்கு அனுப்பும் நோயாளியின் கையில் வாட்ச் மாதிரி ஒரு பட்டை கட்டிவிடுகிறார்கள். நாடித்துடிப்பு, நடந்த காலடிகள், தூங்கிய நேரம் எல்லாம் அதிலிருந்து நர்ஸ்களின் திரைக்குப் போகும். ஸ்டெல்லா சிஸ்டர் என்ற நர்ஸ் தினமும் காலையில் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்வார். காய்ச்சல் உண்டா, பையில் எவ்வளவு போயிருக்கிறது, தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்பார். குடும்பத்தில் ஒருவர் தன் கைப்பேசியிலும் அந்த எண்களைப் பார்க்கலாம். அந்த ஒருவர் நான்தான் என்று யாரும் கேட்பதற்கு முன்பே அறிவித்துவிட்டேன். வீட்டு மனிதர்கள் என்னிடம் மறைப்பார்கள், கருவி மறைக்காது என்பது என் கணக்கு.

பட்டை கையைவிட்டுக் கழன்றால் என் கைப்பேசி கூவும். முதல் மூன்று நாள் அது ஓயாமல் கூவியது. ஒவ்வொரு தடவையும் நான் ஊருக்குக் கூப்பிட்டேன். எடுப்பது அண்ணிதான். தமிழ்ச்செல்வி என்று பெயர், ஸ்ரீமுஷ்ணத்தில் பிறந்தவர், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. குளிக்கிறாரு தம்பி என்பார். ஊசி போட்ட எடம் அரிக்குதாம் தம்பி என்பார். நான் விடமாட்டேன். தையல் விட்டுப் போனால் முதலில் நாடிதான் ஏறும், அது தெரியாமல் போய்விட்டால் ஆபத்து என்று இணையத்தில் படித்ததை எல்லாம் வகுப்பெடுத்தேன். பின்னால் அண்ணன் கத்துவது கேட்கும், தன்னை என்ன ஜெயிலிலா போட்டிருக்கிறார்கள் என்று.

நான்காம் நாள் கைப்பேசி அடங்கியது. இரவும் பகலும் பட்டை கழலவே இல்லை. என் கண்டிப்பு வேலை செய்துவிட்டது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

4

அதற்குப் பிறகு வந்த எண்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகாத மனிதர் ஒரே நாளில் ஏழாயிரம் காலடி. அடுத்த நாள் எட்டாயிரம். நான் சூளைக்கும் தேநீர் இயந்திரத்துக்கும் நடந்து நாலாயிரம் தாண்டினாலே பெரிய விஷயம். குடும்பக் குழுவில் 'சிங்கம்டா எங்க அண்ணன்' என்று போட்டேன். சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகன் நெருப்புப் படம் அனுப்பினான். ஸ்டெல்லா சிஸ்டர்கூட ஆச்சரியப்பட்டு, ரொம்ப நடக்கவிடாதீங்க என்று அண்ணியிடம் சொன்னாராம்.

தூக்கம்தான் இடித்தது. மூன்று மணி நேரம், மூன்றரை, சில நாள் அதுவும் துண்டு துண்டாக. உடனே அண்ணிக்கு ஒரு குரல் செய்தி அனுப்பினேன். அதை இப்போது திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அழிக்கவும் இல்லை. "அண்ணி, அண்ணன் சரியாவே தூங்கல. நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க, கொஞ்சம் பாத்துக்கக் கூடாதா?" என்று அதில் சொல்கிறேன். ஒரு மேலதிகாரியின் குரலில்.

சரிங்க தம்பி என்று பதில் வந்தது.

என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. இங்கேயே பிறந்தவள். தமிழ் பேசுவாள், வினைச்சொல்லை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு. விருத்தாசலத்துக்கு இரண்டே முறைதான் வந்திருக்கிறாள். அண்ணனை 'விருத்தாசலம் பெரியப்பா' என்பாள், ஏதோ ஊருக்கு ஒருவர் இருப்பதுபோல. பண்டிகை நாளில் போனைக் கையில் கொடுத்தால் "நல்லா இருக்கீங்களா, நான் நல்லா இருக்கேன்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்லிவிட்டு என்னிடமே திருப்பித் தருவாள். ஒருநாள் மாலை நான் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"பெரியப்பா காலையில அஞ்சு மணிக்கு தினமும் எங்க போறாரு?"

"நடப்பாரும்மா. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு."

"அப்புறம் பதினொரு மணிக்கு. அப்புறம் சாயந்தரம் ஆறு மணிக்கு. தினமும் அதே நேரம்." விரலால் மேடுகளைத் தொட்டுக்கொண்டே வந்தாள். "இது படுத்திருக்கிற ஆள் இல்லப்பா. இது யாரோ வேலை செய்யற ஆள்."

எங்கள் வம்சமே அப்படித்தான், உழைக்கிற வம்சம் என்றேன். சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்த என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

5

இருபத்தோராம் நாள் காலை நான் பேருந்து நிறுத்தத்தில் நின்றேன். ஊரில் அப்போது பதினொரு மணி. ஸ்டெல்லா சிஸ்டர் என்னையே நேராக அழைத்தார். விடிந்ததிலிருந்து அண்ணனுடைய நாடி நூற்றிருபதுக்குக் கீழே இறங்கவே இல்லை என்றார். நேற்றும் அப்படித்தான் இருந்ததாம். உள்ளே தையல் விட்டிருக்கலாம், தாமதிக்க வேண்டாம், உடனே அழைத்து வாருங்கள் என்றார்.

அண்ணிக்குச் சொன்னேன். அவருக்குக் காய்ச்சல் இல்லையே தம்பி, இப்பதான் ரெண்டு இட்லி சாப்பிட்டாரு என்றார். நான் கேட்கவில்லை. கருவி சொல்கிறது, கிளம்புங்கள் என்றேன். அண்ணனின் மகள் கைக்குழந்தையோடு ஓசூரில் இருக்கிறாள், அவளைக் கூப்பிட நேரமில்லை. வாடகைக் காரில் இருவர் மட்டும் கிளம்பினார்கள். நெய்வேலி, பண்ருட்டி வழியாகப் புதுச்சேரிக்கு இரண்டரை மணி நேரம். அந்த நேரம் முழுக்க நான் சூளையின் முன்னால் நின்று, அண்ணன் இல்லாத ஒரு வீட்டை நினைக்காமலிருக்க முயன்றேன். அன்று என் கண் முன்னால் விரிசலோடு போன கோப்பைகள் எத்தனை என்று தெரியாது. யாருடைய வீட்டிலோ அவை இப்போது ஒழுகிக்கொண்டிருக்கும்.

தேநீர் இடைவேளையில் போன் வந்தது. அண்ணனின் எண்.

"டேய், எனக்கு ஒண்ணும் இல்லடா. ஒங்க அண்ணியத்தான் படுக்க வச்சிருக்காங்க."

எனக்குப் புரியவில்லை. மெதுவாகச் சொன்னார். போனதும் ஸ்கேன் எடுத்தார்களாம், தையல் நன்றாகவே ஆறியிருந்தது. ஸ்டெல்லா சிஸ்டர் வந்து அண்ணனின் மணிக்கட்டை விரலால் பிடித்துப் பார்த்தார். எழுபத்தாறு. திரையில் அதே நேரம் நூற்று முப்பது ஓடிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அந்தக் கையைத் திருப்பிப் பார்த்தார். பட்டை இல்லை. மற்றக் கையிலும் இல்லை. அறை மூலையில், மாற்றுப் பையும் துண்டும் வைத்த கூடையைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றிருந்தார். முந்தானையை இழுத்து இடது கையை மூடியிருந்தார்.

"இப்படி வாங்கம்மா, ஒக்காருங்க" என்று சிஸ்டர் கூப்பிட்டதும், கட்டில்வரை வந்து உட்காருவதற்குள் அண்ணிக்கு மூச்சு வாங்கியதாம்.

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் இருக்கவேண்டியதில் பாதிகூட இல்லை. ஒரு வருடமாக மாதவிலக்கு நிற்காமல் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கர்ப்பப்பையில் கட்டிகள். அண்ணன் இதை என்னிடம் சொல்லும்போது, பெண்கள் தொந்தரவு என்று மட்டும் சொன்னார். அவருக்கே அன்றுதான் தெரியும். புதுச்சேரிக்கு ஒவ்வொரு முறையும் அவரோடு வந்து, அதே ஆஸ்பத்திரி வராந்தாவில் மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தவர் தனக்கென்று ஒரு சீட்டு எழுதச் சொன்னதில்லை. இன்னும் ஒரு மாதம் இப்படியே விட்டிருந்தால் இதயம் தாங்கியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம்.

பட்டை ஏன் அண்ணி கைக்குப் போனது? அண்ணன் கழற்றி எறிகிறார். எறிந்தால் நான் கூப்பிடுகிறேன். நான் கூப்பிட்டால் அவர் கத்துகிறார். யாராவது ஒரு கையில் இருந்தால் அது கூவாது என்று அண்ணி கண்டுபிடித்தார். தொல்லை விட்டது என்று அண்ணனும் அதை மறந்துவிட்டார். அவ்வளவுதான். நான் எடுத்த வகுப்புகளுக்குப் பிறகும் அது எண்ணுகிறது என்பது அவருக்கு விளங்கவில்லை, கழன்றால் கூவுவது மட்டும்தான் அதன் வேலை என்று நினைத்திருந்தார். நடை, தூக்கம் பற்றி நாங்கள் சொன்னதை எல்லாம் வழக்கமான புத்திமதி என்று எடுத்துக்கொண்டார். சிஸ்டர் கேட்ட காய்ச்சல், பையின் அளவு எல்லாவற்றையும் அண்ணனிடம் சரியாகப் பார்த்துச் சரியாகத்தான் சொல்லிவந்தார். காலை ஐந்து மணி மேடு அடுப்புக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடந்தது. துண்டு துண்டான தூக்கம், ராத்திரியில் நாலு தடவை எழுந்து அண்ணனின் பையைக் காலிசெய்ததால் வந்தது. அதற்குத்தான் நான் கொஞ்சம் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டிருந்தேன்.

எங்கள் சூளையில் வெப்பம் திடீரென்று ஏறினால் அல்லது இறங்கினால், எவ்வளவு என்று யாரும் முதலில் கேட்பதில்லை. அளவு எடுக்கும் கம்பி எங்கே செருகியிருக்கிறது, போய்ப் பார் என்பார்கள். பத்தொன்பது வருடமாகப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அதுதான். பதினெட்டு நாளில் ஒரு தடவைகூட, வீடியோவில் அந்தக் கையைக் காட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. எண் நன்றாக இருக்கும்போது கம்பியைத் தேட யாருக்குத் தோன்றும்?

6

அண்ணிக்கு மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். இரண்டாம் நாள் பேசினேன். மன்னிப்புக் கேட்பதற்கு நல்ல வாக்கியமாக ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"நான் கட்டிக்கிட்டதால அந்த மெஷினு கெட்டுப் போயிருக்குமா தம்பி? சிஸ்டருக்கு ஒண்ணும் பிரச்சன வராதே?"

கெட்டுப் போகவில்லை என்றேன். சிஸ்டருக்கும் ஒன்றும் வராது என்றேன்.

இப்போது இருவரும் வீட்டில் இருக்கிறார்கள். அண்ணன் தன் பையைத் தானே கழுவப் பழகிவிட்டார். முதல் நாள் குளியலறைத் தரை, லுங்கி, சுவர் எதுவும் மிஞ்சவில்லையாம். இத்தனை நாளு இவ இத எப்படிடா சத்தம் காட்டாம செஞ்சா என்று என்னிடம் கேட்டார். மூன்று வாரத்துக்குக் குனிந்து நிமிரக் கூடாது என்று டாக்டர் அண்ணியிடம் சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு கர்ப்பப்பை ஆபரேஷன். ஜங்ஷன் பக்கம் ஒரு மெஸ்ஸிலிருந்து சாப்பாடு வருகிறது. அதன் காரம் அண்ணனின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் டாக்டர் சொன்னதை மீறி அண்ணி தினமும் எழுந்து அவருக்குத் தனியாக ஒரு குழைந்த சோறு, ஒரு கூட்டு வைக்கிறார். போனில் கேட்டால் சும்மா படுத்துத்தான் தம்பி இருக்கேன் என்பார். பின்னால் குக்கர் விசில் அடிக்கும். இப்போதெல்லாம் நான் விசிலை எண்ணுகிறேன். எனக்கு மிஞ்சியிருக்கும் ஒரே கருவி அது.

போன வாரம் வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து அட்டை வந்தது. சம்பளமில்லா விடுப்புக்கு மேற்பார்வையாளர் கையெழுத்துப் போட்டார், அவசர வழி எப்படி இருக்கிறது என்று அக்கறையாக விசாரித்துவிட்டு. யாழினியையும் கூப்பிட்டேன். பள்ளிக்கூடம் இருக்கிறது என்றாள். அது உண்மைதான். பள்ளிக்கூடம் இல்லாவிட்டாலும் வேறு ஒன்று இருந்திருக்கும் என்பதும் உண்மைதான். ஆனால் பெரியம்மா எத்தனை மணிக்குத் தூங்குகிறார் என்று போனதும் எழுதச் சொன்னாள்.

இன்று காலை டிக்கெட் போட்டேன். போட்ட கையோடு அண்ணிக்கு எழுதினேன். அடுத்த வாரம் வருகிறேன், மூன்று வாரம் இருப்பேன், நான் வந்துவிட்டால் நீங்கள் எதையும் தொடக்கூடாது, எல்லாவற்றையும் நான் பார்த்துக்கொள்கிறேன், இங்கிருந்து உங்களுக்கு என்ன வாங்கி வரட்டும், சென்ட்டா, சாக்லேட்டா, நல்ல போர்வையா, கூச்சப்படாமல் சொல்லுங்கள் என்று. படித்துவிட்டதற்கான நீலக் குறி விழுந்தது. எழுதுகிறார், நிறுத்துகிறார், மறுபடி எழுதுகிறார் என்று திரை காட்டியது. பெரிய பட்டியலாக வரும்போலிருக்கிறது, பெட்டியில் இருபத்து மூன்று கிலோதானே என்று நான் மனதுக்குள் கணக்குப் போடத் தொடங்கியபோது பதில் வந்தது.

"சமைக்கக் கத்துக்கிட்டு வாங்க தம்பி."